பைன் காடும் நான்கு கரடிகளும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உபயோகமாப் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் என்னிடம் சொல்லியிருந்தார். வேலைவாய்ப்பு, மேற்படிப்பு, சொந்தத் தொழில் எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். "இஞ்சினியருக்கு ஓவியத்துல என்னய்யா வேலை?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது மியூசியத்தில் அல்ல, நம் கல்லூரி டிராயிங் ஹாலில்.

ஹாலின் கடைசியில் ஒரு மர அலமாரி இருந்தது. மினி டிராஃப்டர், பெரிய செட் ஸ்கொயர், சாக்பீஸ் டப்பா எல்லாம் அதற்குள் இருக்கும். அலமாரியைத் திறந்தால் கதவின் உள்பக்கத்தில் பழைய பத்திரிகை ஒன்றிலிருந்து எடுத்த ஒரு வண்ணப் படம் ஒட்டியிருக்கும். நான் முதலாமாண்டு சேர்ந்தபோது அந்தப் படத்தின் நடுப்பகுதியை மறைத்து முதல் செமஸ்டர் டைம்டேபிளை ஒட்டிவிட்டார்கள். மேல் பாகமும் இரண்டு ஓரங்களும்தான் வெளியே தெரிந்தன. உயரமான மரங்கள். நடுவில் மூடுபனி. அவ்வளவுதான்.

அப்போது நான் ஹாஸ்டலுக்குப் புதுசு. வீட்டை விட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆர்த்தோகிராஃபிக் புரொஜெக்ஷன் புரியாமல் முழித்துக்கொண்டிருந்த நாட்களில், டைம்டேபிள் பார்க்கிற சாக்கில் அலமாரியைத் திறந்து அந்தக் காட்டைப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க ஒரு பயம் வரும். ஆள் அரவமே இல்லாத காடு. அந்தப் பனிக்குள் போனவன் திரும்பி வரமாட்டான் என்பது போல இருக்கும். ஆனாலும் ஏனோ திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

டிசம்பரில் செமஸ்டர் முடிந்தது. அட்டெண்டர் அண்ணன் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அந்த டைம்டேபிளை உரித்து எடுத்துக்கொண்டிருந்தார். "தம்பி, கதவைக் கொஞ்சம் ஆடாமப் பிடி" என்றார். பிடித்தேன். தாள் உரிய உரிய, முறிந்து விழுந்த ஒரு பெரிய மரம் வந்தது. அப்புறம் ஒரு கரடிக்குட்டி. அப்புறம் இன்னொன்று. தாய்க்கரடி. கடைசியில் மூன்றாவது குட்டி. நான்கு மாதமாக நான் பயந்துகொண்டிருந்த காட்டில் ஒரு குடும்பம் விளையாடிக்கொண்டிருந்தது!

அந்த ஒரு நிமிடத்தில் படம் தலைகீழாக மாறியது. மரங்கள் அதே மரங்கள், பனி அதே பனி. ஆனால் பயமுறுத்திய பனி இப்போது தொட்டிலுக்கு மேலே போட்ட துணியைப் போல இருந்தது. இது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது. புரிந்த அளவுக்கு இன்று சொல்கிறேன்.

படத்தின் பெயர் 'பைன் காட்டில் காலை'. வரைந்தவர் இவான் ஷிஷ்கின் என்ற ரஷ்ய ஓவியர். வருஷம் 1889. இப்போதும் மாஸ்கோவில் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. கித்தான் மேல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். அளவு 139 சென்டிமீட்டர் உயரம், 213 சென்டிமீட்டர் அகலம். நம் பாஷையில் சொன்னால் ஏறத்தாழ மூன்று ஏ0 ஷீட்டின் பரப்பு. அதை நாம் பார்ப்பதெல்லாம் செல்போனில், உள்ளங்கை அளவில்தான்.

ஷிஷ்கின் 1832இல் காமா நதிக்கரையில் உள்ள யெலாபுகா என்ற ஊரில் பிறந்தவர். சுற்றிலும் காடு. மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் ஓவியம் படித்தாலும் வாழ்நாள் முழுக்க அவர் வரைந்தது பெரும்பாலும் மரங்களைத்தான். எந்த மரத்தின் பட்டை எப்படி வெடிக்கும், எந்த வேர் எப்படி மண்ணைப் பிடிக்கும் என்று ஒரு தாவரவியல்காரருக்குத் தெரிவது போல அவருக்குத் தெரியும். 'காட்டின் ராஜா' என்றே அவரை அழைத்தார்கள். 1898இல் வேலை செய்துகொண்டிருந்தபோதே, ஓவியப் பலகைக்கு முன்னால் உயிர் பிரிந்தது.

சரி, படத்துக்கு வருவோம். இதைக் கேட்கும் தம்பி தங்கைகள் இன்று ராத்திரி படத்தை எடுத்து வைத்துக்கொண்டு நான் சொல்வதைச் சரிபார்க்கலாம்.

முதலில் சட்டம். பைன் மரம் நெட்டுக்குத்தாக வளர்வது, 30 மீட்டருக்கு மேலும் போகும். அப்படிப்பட்ட மரத்தை வரைய உயரமான கித்தானைத்தானே எடுக்க வேண்டும்? ஷிஷ்கின் எடுத்தது படுக்கைவாட்டுக் கித்தான். விளைவு என்ன? முன்னால் நிற்கும் மரங்களின் உச்சி சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. உச்சி தெரியவில்லை என்றால் நாம் தள்ளி நின்று காட்டைப் பார்க்கவில்லை, காட்டுக்குள்ளேயே நிற்கிறோம் என்று அர்த்தம். அடர்ந்த தோப்புக்குள் நின்று பாருங்கள், தலையைத் தூக்காமல் உச்சி தெரியாது. மரத்தை வெட்டியே மரத்தின் உயரத்தைக் காட்டிவிட்டார்.

இரண்டாவது, ஆழம். டிராயிங் வகுப்பில் பெர்ஸ்பெக்டிவ் படித்திருக்கிறோம். தண்டவாளம் தூரத்தில் போய் ஒரு புள்ளியில் சேரும். ஆனால் காட்டில் தண்டவாளமும் இல்லை, சுவரும் இல்லை, ரோடும் இல்லை. தூரத்தில் போய்ச் சேர்வதற்கு இணைகோடுகளே கிடையாது. அப்படியானால் ஆழத்தை எப்படிக் காட்டுவது? இங்கேதான் பனி வேலை செய்கிறது. பனியின் சின்னச் சின்ன நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அதனால் தூரம் கூடக் கூட மரத்தின் இருட்டுக்கும் பின்னணி வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துகொண்டே போகிறது. படத்தில் முன்னால் நிற்கும் மரத்தின் பட்டையில் வெடிப்பைக்கூட எண்ணலாம். அதற்குப் பின்னால் இருப்பதில் நிறம் மட்டும் தெரியும். அதற்கும் பின்னால் வெறும் நிழல். கடைசியில் நிழலும் இல்லை, நீலம் கலந்த வெண்மை. ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு கோடுகூட இல்லாமல் ஆழத்தைக் கொண்டுவந்துவிட்டார்.

மூன்றாவது, வெளிச்சம். சூரியன் எழுந்துவிட்டது, ஆனால் தரைக்கு இன்னும் இறங்கவில்லை. மேலே மரங்களில் பொன்னிறம், கீழே இன்னும் ராத்திரியின் ஈரம். இந்த வகைப் பைன் மரத்தின் பட்டை அடியில் சாம்பலும் பழுப்புமாக இருக்கும், மேலே போகப் போக ஆரஞ்சு நிறமாகிவிடும். அந்த இயற்கையான ஆரஞ்சின் மேல் காலை வெயிலும் சேரும்போது மேல் பாகம் ஜொலிக்கிறது. கீழே குளிர்ச்சி, மேலே சூடு. இந்த ஒரு வித்தியாசத்தாலேயே 'காலை' என்று தலைப்பைப் படிக்காமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

நான்காவது, முறிந்த மரம். படம் முழுக்க நெட்டுக்கோடுகள். அவற்றுக்கு நடுவே இந்த ஒன்று மட்டும் சாய்ந்து கிடக்கிறது. முறிந்த இடத்தில் சிம்பு சிம்பாகக் கட்டை தெரிகிறது. அதைப் பார்த்தால் மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் பலகையை வளைத்து உடைத்தது ஞாபகம் வரும். அந்த மரம் ஒரு கதை சொல்கிறது. எப்போதோ பெருங்காற்று அடித்திருக்கிறது. இப்போது அடங்கிவிட்டது. காற்று அடித்த தடயம் இருப்பதால்தான் இப்போதைய அமைதி நமக்கு உறைக்கிறது. மரத்துக்குப் பின்னால் நிலம் சரிந்து பள்ளமாகப் போகிறது. கண்ணும் அதோடு சேர்ந்து பனிக்குள் இறங்குகிறது.

இந்த நான்கும் ஷிஷ்கினுடையவை. என்னுடைய டைம்டேபிள் மறைக்காமல் விட்டுவைத்ததும் பெரும்பாலும் இவைதான். இவை மட்டும் இருந்தபோது எனக்குக் கிடைத்தது பயம், தனிமை.

ஐந்தாவது, கரடிகள். அவை அங்கே என்ன வேலை செய்கின்றன? ஒன்று, அளவு சொல்கின்றன. எலிவேஷன் வரைந்தால் பக்கத்தில் ஒரு மனித உருவம் போடுவோமே, அதே காரணம்தான். கரடி எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரியும், ஆகவே மரம் எவ்வளவு பெரிது என்றும் தெரிகிறது. இரண்டு, நேரத்தை நிறுத்துகின்றன. மரம் நேற்றும் அங்கேதான் நின்றது, நாளையும் நிற்கும். குட்டி அந்தக் கிளையில் இந்த விநாடி மட்டும்தான் இருக்கும். மூன்று, சத்தம் கொடுக்கின்றன. நகம் பட்டையைப் பிறாண்டுகிற சத்தமும் தாயின் உறுமலும் நமக்குக் கேட்பது போல இருக்கிறது. அந்தச் சின்னச் சத்தத்தை வைத்துத்தான் காட்டின் நிசப்தத்தை அளக்கிறோம். நான்கு, ஒரு குட்டி மட்டும் மற்றவற்றோடு சேராமல் பின்னங்கால்களில் எழுந்து நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது பார்ப்பதால் நாமும் பார்க்கிறோம். அதற்குப் பயமில்லை. ஆகவே நமக்கும் இல்லை.

ஒரு படத்தின் 'மூட்' என்பது மேலே பூசுகிற வார்னிஷ் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது பாகங்களுக்கு இடையே உள்ள உறவு. ஒரு பாகத்தை மறைத்தால் மற்ற எல்லாப் பாகங்களின் அர்த்தமும் மாறிவிடுகிறது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்தக் கரடிகளை வரைந்தது ஷிஷ்கின் இல்லை.

அவருடைய நண்பர் கான்ஸ்தந்தீன் ஸவீத்ஸ்கி என்ற ஓவியர் வரைந்தவை அவை. இவரும் சாமானியர் அல்ல. ரயில் பாதை வேலை செய்யும் கூலியாட்கள் தள்ளுவண்டிகளை இழுத்துக்கொண்டு வருவதை 1874இல் ஒரு பெரிய படமாக வரைந்தவர். சிவில் படிக்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம், அதுவும் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில்தான் இருக்கிறது. மனிதர்களை, உயிருள்ள உடம்பை வரைவதில் கெட்டிக்காரர். பைன் காட்டுப் படத்தில் முதலில் இரண்டு பேருடைய கையெழுத்தும் இருந்தது. மாஸ்கோ வணிகரும் ஓவியச் சேகரிப்பாளருமான பாவெல் திரெத்தியாக்கோவ் படத்தை வாங்கினார். அதன்பின் ஸவீத்ஸ்கியின் கையெழுத்து அழிக்கப்பட்டது. இந்தப் படத்தில் கற்பனை முதல் தீட்டிய முறை வரை எல்லாமே ஷிஷ்கினின் வழி என்பது திரெத்தியாக்கோவின் கட்சி.

விலை 4,000 ரூபிள். அதில் நான்கில் ஒரு பங்கு ஸவீத்ஸ்கிக்கு வந்தது. ஆக, பணம் கொடுத்தார்கள். பெயரைத்தான் எடுத்துவிட்டார்கள்.

திரெத்தியாக்கோவ் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பரப்பளவை வைத்துப் பார்த்தால் கரடிகள் பிடித்திருப்பது மிகக் கொஞ்சம். மீதி எல்லாம் ஷிஷ்கினின் உழைப்பு. காடு இல்லாமல் கரடிகள் நிற்காது. ஆனால் நான் அந்தப் படத்தை நான்கு மாதம் கரடி இல்லாமல் பார்த்தவன். பங்கை அளக்கிற கருவி சதுர சென்டிமீட்டர் இல்லை என்பது எனக்குத் தெரியும். ரஷ்யாவில் சாதாரண ஜனங்கள் இந்தப் படத்தை 'மூன்று கரடிகள்' என்றே சொல்கிறார்கள், எண்ணிப் பார்த்தால் நான்கு இருந்தும்கூட! 'மீஷ்கா கசலாப்பி' என்ற சாக்லேட்டின் உறையில் இந்தக் கரடிகளை அச்சடித்து விற்றார்கள், அப்படித்தான் படம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் பெயர் வைத்தது கரடிக்கு. கையெழுத்து இல்லாமல் போனதும் கரடி வரைந்தவருக்கு.

இதைச் சொல்லும்போது என் மேல் உள்ள ஒரு குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேடையில் நின்று திரெத்தியாக்கோவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலைக் கட்டுமானத்துக்கு நான் டிசைன் செய்தேன். எங்களிடம் ஐம்பது வயது தாண்டிய டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் இருந்தார். நான் போட்ட ஸ்கெட்சில் மேல்தளத்திலிருந்து இறங்கும் ஏணி ஒரு மூலையில் இருந்தது. அவர் பார்த்துவிட்டு, "சார், இதுல இறங்குறவன் வாசலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு வந்து நிப்பான். ஏதாவது புகை கிகை வந்தா எந்தப் பக்கம் ஓடுவான்?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. ஏணியை இடம் மாற்றி, அதற்காகக் குழாய்களை ஒதுக்கி, ராத்திரி உட்கார்ந்து வரைந்தும் கொடுத்தார். வாடிக்கையாளர் கூட்டத்தில் அந்த ஒரு விஷயத்தைத்தான் பாராட்டினார்கள். நான் "தேங்க் யூ" சொன்னேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றும் நினைக்கவில்லை, தோன்றவே இல்லை. அதுதான் இன்னும் மோசம். டிராயிங்கின் டைட்டில் பிளாக்கில் 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்குமே, நான் எடுத்த ஃபார்மேட்டில் அந்தக் கட்டமே இல்லை. டிசைன் செய்தவர், ஒப்புதல் தந்தவர், இரண்டுதான்.

அவர் ஓய்வு பெற்ற அன்று ஒரு கட்டு பிரிண்டுகளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். "எதுக்குண்ணே இதெல்லாம்?" என்றேன். "பேரன் கேக்குறான் சார், தாத்தா என்ன வேல பாத்தீங்கன்னு. காட்டணும்ல?" என்றார். அந்தக் கட்டில் இருந்த என்னுடைய ஷீட்டுகள் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மாதச் சம்பளம் தவறாமல் கொடுத்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஸவீத்ஸ்கிக்கும்தான் ஆயிரம் ரூபிள் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு என் கையிலிருந்து போகும் ஒவ்வொரு ஷீட்டிலும் 'வரைந்தவர்' கட்டம் இருக்கிறது, முழுப் பெயரோடு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவருக்குச் செய்ய வேண்டியதை வேறு யாருக்கோ செய்துகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுவீர்கள். நான்கு பேர் குழுவில் ஒருவன் அதிகம் பேசாமல் ஒரே ஒரு சர்க்யூட்டைச் சரிசெய்திருப்பான், ஒருத்தி ஒரே ஒரு கணக்கைத் திருத்தியிருப்பாள். "அது சின்ன வேலைதானே" என்று தோன்றும்போது, கட்டைவிரலால் அந்த வேலையை மறைத்துப் பாருங்கள். மீதி என்ன மாதிரித் தெரிகிறது என்று பாருங்கள். பிறகு பெயர்களை எழுதுங்கள். அதேபோல இந்தப் படத்தையும் பாருங்கள். முதலில் கரடிகளை விரலால் மறைத்து ஒரு நிமிடம், பிறகு விரலை எடுத்து ஒரு நிமிடம். என் வார்த்தையை நம்ப வேண்டாம், உங்கள் கண் சொல்லும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த டிசம்பர் மாதம் அட்டெண்டர் அண்ணனிடம், "அண்ணே, இந்தப் படத்தை யார் ஒட்டினது?" என்று கேட்டேன். "நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கு தம்பி" என்றார். ஆசிரியர்களிடமும் கேட்டுப் பார்த்தேன், தெரியவில்லை. யாரோ ஒரு மாணவரோ ஆசிரியரோ அட்டெண்டரோ, ஒரு பத்திரிகையிலிருந்து பக்கத்தைக் கிழிக்காமல் நிதானமாகப் பிரித்தெடுத்து, ஓரம் மடங்காமல் பசை தடவி, அலமாரிக் கதவின் உள்ளே ஒட்டிவைத்திருக்கிறார். அதனால் எனக்கு ஒரு காடு கிடைத்தது. இன்று காலை டிராயிங் ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன, அந்த அலமாரி இல்லை.

இங்கே பல வருஷத்து மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் படத்தை ஒட்டியவர் யார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், சாப்பாட்டுப் பந்திக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் வந்து சொல்லுங்கள். அடுத்த மலரில் அவர் பெயரைப் போட வேண்டும் என்று செயலாளரிடம் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.